யாருடைய நேரம்? முழுத்தூர டிரையத்லான் பயிற்சியும் ஒரு குடும்பத்தின் வாரமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

முழுத்தூர டிரையத்லான் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது. அந்த ஒரு நாளுக்காக, வேலைக்குப் போகிற ஒருவர் எட்டு ஒன்பது மாதங்களுக்கு வாரந்தோறும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை மணி நேரம் கிடைக்குமா என்றுதான் பயிற்சிக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நேரம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வியைக் காலம் தாழ்த்திக் கேட்ட ஒரு குடும்பத்தைப் பற்றியது இந்தப் பதிவு. பயிற்சியாளராக நான் இதில் நுழைந்தது 22ஆம் வாரத்தில். அதற்கு முந்தைய விவரங்கள் பயிற்சி செய்த மனைவியின் கைக்கடிகாரப் பதிவுகள், பயிற்சிக் குறிப்புகள், கணவரின் பணி அட்டவணை ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. இருவரும் வாசித்து ஒப்புதல் அளித்த பின்னரே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பின்னணி

மனைவிக்கு வயது 39. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். சாதாரண வாரங்களில் 45 மணி நேர வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் ஐந்து வேலை நாட்களில் முந்தைய மாதக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் அந்த வாரம் 60 மணி நேரத்தைத் தொட்டுவிடும். கணவர் மருத்துவமனையில் செவிலியர். காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் மாறி மாறி வரும். மாதத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு அட்டவணை தருவார்கள். பிள்ளைகள் இருவர்: ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். உதவிக்கு வேறு பெரியவர்கள் வீட்டில் இல்லை.

விளையாட்டு அவருக்குப் புதிதல்ல. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஒலிம்பிக் தூரத்தை இருமுறை முடித்திருந்தார். 1.9, 90, 21.1 கிலோமீட்டர் கொண்ட அரைத்தூரத்தை ஒருமுறை 6 மணி 21 நிமிடத்தில் முடித்திருந்தார். நாற்பது வயது நிறைவதற்குள் முழுத்தூரத்தை முடிக்க வேண்டும் என்பது அவர் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த விருப்பம். கணவரிடம் கேட்டபோது அவர் மனப்பூர்வமாகச் சம்மதித்தார். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அப்போது இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

இணையத்தில் கிடைத்த 40 வாரத் திட்டம் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். மோசமான திட்டம் அல்ல அது. மூன்று வாரம் சுமையைக் கூட்டி நான்காம் வாரம் குறைக்கும் வழக்கமான 28 நாள் சுழற்சி. சராசரியாக வாரத்துக்கு 11 மணி நேரம், உச்ச வாரங்களில் 15. வாரத்துக்கு மூன்று நீச்சல், மூன்று சைக்கிள், மூன்று ஓட்டம். பயிற்சியைத் தவிர வேறு எதையும் அதற்குத் தெரியாது என்பது ஒன்றே அதன் குறை.

முதல் 22 வாரங்கள்: பதிவுகளில் தெரிந்தவை

முதல் பத்து வாரங்கள் ஒழுங்காக நடந்தன. அதற்குப் பிறகும், மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. திட்டமிட்டதில் பத்தில் ஒன்பது பங்கை அவர் முடித்திருந்தார். மாறியது பயிற்சி நடந்த வேளை. தொடக்கத்தில் காலை ஐந்தரைக்கும் மாலை ஆறுக்கும் நடந்த பயிற்சிகள், 12ஆம் வாரத்திலிருந்து மெல்ல மெல்ல விடியற்காலை நான்கு மணிக்கும், பிள்ளைகள் தூங்கிய பின் இரவு ஒன்பதரைக்கும் நகர்ந்திருந்தன. வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அவர் செய்தது அது. அந்த நேரம் அவருடைய தூக்கத்திலிருந்து வந்தது. கைக்கடிகாரக் கணக்குப்படி, முதல் மாதத்தில் ஏழு மணி நேரத்தை ஒட்டியிருந்த சராசரித் தூக்கம், 20ஆம் வாரத்தில் 5 மணி 40 நிமிடமாகக் குறைந்திருந்தது. வயது வந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவ அமைப்புகளின் பொதுவான பரிந்துரை. பயிற்சிச் சுமை ஏறும்போது அந்தத் தேவை கூடுமே தவிரக் குறையாது.

உடல் சொல்லிய அறிகுறிகளும் பதிவுகளில் இருந்தன. காலையில் எழுந்ததும் எடுக்கும் ஓய்வு நாடித்துடிப்பு 52இலிருந்து 59 வரை ஏறியிருந்தது. இலகுவான ஓட்டத்தின் கடுமையைப் பத்துக்கு மூன்று என்று குறித்து வந்தவர், அதே வேகத்துக்கு ஆறு என்று குறிக்கத் தொடங்கியிருந்தார். இந்தப் பத்து மதிப்பெண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி ஒரு வாரத்தின் சுமையைக் கணக்கிடும் எளிய முறை பயிற்சியாளர்களிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. அப்படிக் கணக்கிட்டுப் பார்த்தபோது, பயிற்சி நேரம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்த இரு வாரங்களுக்கிடையே சுமை ஒன்றுக்கு ஒன்றரை மடங்காகத் தெரிந்தது. செய்த வேலை கூடவில்லை. அதைத் தாங்கும் திறன்தான் குறைந்திருந்தது.

இன்னொரு விஷயம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. திட்டத்தின் சுழற்சி 28 நாள். நாட்காட்டி மாதமோ 30 அல்லது 31 நாள். இரண்டும் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாட்கள் விலகிக்கொண்டே போகும். தொடக்கத்தில், கணக்கு முடிக்கும் வாரம் சுழற்சியின் இலகுவான பகுதியில் விழுந்தது. ஐந்தாம் சுழற்சியில் அதே வாரம் மிகக் கடுமையான மூன்றாம் வாரத்தின் மேல் வந்து விழுந்தது. அலுவலகத்தில் 60 மணி நேரம், பயிற்சியில் 14 மணி நேரம், கணவருக்கோ அந்த வாரம் இரவு ஷிப்ட். மூன்று நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்த மோதல் முன்கூட்டியே கண்ணில் பட்டிருக்கும். ஆனால் பயிற்சித் திட்டம் கைபேசியிலும், அலுவலகக் கெடு அலுவலகக் கணினியிலும், ஷிப்ட் அட்டவணை கணவரின் பையிலும் இருந்தன. அந்த வாரத்தில் கணக்கில் ஒரு பிழையும் நேர்ந்தது. அறிக்கை வெளியே போகும் முன் சக பணியாளர் ஒருவர் கண்டுபிடித்துத் திருத்தினார்.

வீட்டில் நடந்தது எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. பின்னர் கணவர் சொல்லித் தெரிந்தது இது. சனிக்கிழமைகளில் ஐந்து மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தை முடித்து வரும் அம்மா மதியம் முழுவதும் படுத்திருப்பார் என்பதைப் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். மகள் வெள்ளிக்கிழமை இரவு அப்பாவிடம், “நாளைக்கு அம்மா இருப்பாங்களா, தூங்குவாங்களா?” என்று கேட்பாள். அம்மாவிடம் அதைக் கேட்டதே இல்லை.

கால் வலியும் மருத்துவர் கேட்ட கேள்விகளும்

22ஆம் வாரத்தில் இடது கெண்டைக்காலின் உட்புறத்தில், முன்னெலும்பை ஒட்டி, விரலால் தொட்டுக் காட்டும்படியான ஓர் இடத்தில் வலி நிலைத்தது. ஓட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் இருந்த வலி, நடக்கும்போதும் இரவிலும் தொடர்ந்தது. விளையாட்டு மருத்துவர் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, எலும்பு இன்னும் முறியவில்லை, ஆனால் அழுத்தத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறது, இப்படியே ஓடினால் விரிசல் விழும் என்றார். குறைந்தது ஆறு வாரம் ஓடவே கூடாது என்றும் சொன்னார்.

அந்த மருத்துவர் எலும்போடு நிற்காததுதான் இந்த நிகழ்வின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். மூன்று மாதங்களாகத் தள்ளித் தள்ளிப் போகிறது, ஒருமுறை வரவே இல்லை, பயிற்சி அதிகமானால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்பது அவருடைய பதில். அடுத்து, ஒரு நாளில் என்ன, எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டார். விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் போவது, முடித்ததும் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு அப்படியே அலுவலகம் ஓடுவது, கணக்கு முடிக்கும் வாரத்தில் மதிய உணவை மேசையிலேயே பாதியோடு விடுவது, இரவு ஒன்பதரைப் பயிற்சிக்குப் பின் பசியில்லாமல் படுப்பது என்று ஒரு வழக்கம் வெளிவந்தது. இரத்தப் பரிசோதனையில் உடலின் இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைந்திருந்தது.

பயிற்சிக்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காதபோது, உடல் தன் அடிப்படை வேலைகளையே சிக்கனப்படுத்தத் தொடங்குகிறது. ஹார்மோன் சுரப்பு, எலும்பு புதுப்பித்தல், நோய் எதிர்ப்பு, மனநிலை என எல்லாமே தளர்கின்றன. விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குப் பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது. 2018இலும் 2023இலும் அதைப் புதுப்பித்தது. ஆண்களுக்கும் இது வரும். பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை. அதைப் பயிற்சி கடுமையாக நடப்பதன் இயல்பான விளைவு என்று ஒதுக்குவது இன்னும் பரவலாக இருக்கிறது. இதை வாசிக்கும் பயிற்சியாளர்கள் தயவுசெய்து அப்படி ஒதுக்க வேண்டாம்.

இவர் உடல் எடையைக் குறைக்கவோ உணவைக் கட்டுப்படுத்தவோ முயலவே இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சாப்பிட நேரம் இல்லாமல் போனதுதான் காரணம். தூக்கத்திலிருந்து எடுத்ததைப் போலவே சாப்பாட்டு வேளைகளிலிருந்தும் பயிற்சிக்கு நேரம் எடுக்கப்பட்டிருந்தது.

நேரத்தைக் கணக்கிட்ட விதம்

மருத்துவர் அனுப்பி அவர் என்னிடம் வந்தபோது, கணவரோடு சேர்ந்து வருமாறு கேட்டுக்கொண்டேன். நீச்சலுக்கும் மிதமான சைக்கிளுக்கும் மருத்துவரின் அனுமதி இருந்தது. முதல் இரண்டு வாரங்களுக்குப் புதிய திட்டம் எதுவும் தரவில்லை. ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். ஒவ்வொரு பயிற்சிக்கும், அவர் அதற்குத் தயாராகத் தொடங்கிய நேரத்தையும், திரும்பி வந்து பிள்ளைகளைக் கவனிக்கும் நிலைக்கு வந்த நேரத்தையும் கணவர் குறித்துவைக்க வேண்டும். தன் டூட்டி டைரியின் பின்பக்கத்தில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு அவர் எழுதிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலிலிருந்தே தொடங்கும் 40 நிமிட ஓட்டத்தின் உண்மையான செலவு ஒரு மணி நேரம். இந்த ஓட்டத்தின் கணக்கை அவர் நினைவிலிருந்து எழுதியிருந்தார். 90 நிமிடச் சைக்கிள் பயிற்சிக்கு, டயருக்குக் காற்றடித்து, பாட்டில் நிரப்பி, உடை மாற்றிக் கிளம்ப 20 நிமிடம், திரும்பி வந்து சைக்கிளைத் துடைத்து வைத்து, குளித்து, சாப்பிட 45 நிமிடம், ஆக மொத்தம் 155 நிமிடம் போனது. நீச்சல்தான் எல்லாவற்றையும்விட விலை கூடியது. 45 நிமிடம் தண்ணீரில் இருக்க, குளத்துக்குப் போய்வர 50 நிமிடமும் உடை மாற்ற 20 நிமிடமும் சேர்ந்து 115 நிமிடம் ஆனது. வாரத்துக்கு மூன்று முறை என்றால் 135 நிமிட நீச்சலுக்கு வீடு 345 நிமிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. திட்டத்தில் 11 மணி நேரம் என்று இருந்தது, வீட்டுக் கணக்கில் ஏறத்தாழ 18 மணி நேரம்.

இருவருக்குமிடையே இதற்கு முன் நடந்த வாக்குவாதங்கள் பலவும் இந்த இடைவெளியால் வந்தவை. “ஒன்றரை மணி நேரம்தானே” என்று அவர் சொன்னபோதும், “அரை நாள் போய்விடுகிறது” என்று கணவர் சொன்னபோதும் இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அளந்த இடம் வேறு வேறாக இருந்தது.

அதே சந்திப்பில் இன்னொன்றும் வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான சிறப்புப் படிப்பு ஒன்றில் சேர கணவர் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். இந்த ஆண்டு முடியாது என்று தானே முடிவுசெய்து, மனைவியிடம் சொல்லாமல் அதை ஒதுக்கிவிட்டார். டைரியின் அந்தப் பக்கங்களைக் காட்டும்போது விண்ணப்பமும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்ததால்தான் பேச்சு எழுந்தது. பயிற்சிக்குப் போன நேரம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தாளும் ஒரு பதில்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு பந்தயத்தைப் பற்றியது. மூன்று வழிகள் பேசப்பட்டன: குறைந்த பயிற்சியோடு முழுத்தூரத்தையே முயல்வது, அரைத்தூரத்துக்கு மாறுவது, அந்த ஆண்டுக்குப் பந்தயத்தையே விட்டுவிடுவது. முதல் வழியை மருத்துவரும் நானும் ஏற்கவில்லை. ஆறு வாரம் ஓடாத காலோடு, மீதமிருக்கும் பதினாறு வாரங்களுக்குள் மாரத்தான் தூரத்துக்குத் தயாராவது எலும்பை மறுபடியும் அதே இடத்துக்குக் கொண்டுபோகும். மூன்றாவது வழியைக் கணவரே வேண்டாம் என்றார். எதிர்பார்த்துக் காத்திருக்க ஒன்றும் இல்லாவிட்டால் மனைவி இன்னும் சோர்ந்துவிடுவார் என்பது அவர் சொன்ன காரணம். கட்டிய பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வராது என்பது உறுத்தியது. இருந்தாலும் போன பணத்துக்காக இனி வரும் மாதங்களை அடகு வைக்க வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். 26 வாரம் தள்ளியிருந்த ஓர் அரைத்தூரப் பந்தயம் முடிவானது. முழுத்தூரத்துக்கான பயிற்சியில் ஐந்து ஆறு மணி நேரச் சைக்கிள் ஓட்டங்கள் தவிர்க்க முடியாதவை. அரைத்தூரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். சனிக்கிழமை மதியம் வீட்டுக்குத் திரும்பக் கிடைப்பது அந்த வித்தியாசத்தால்தான்.

சுழற்சியை 28 நாளிலிருந்து நாட்காட்டி மாதத்துக்கு மாற்றினோம். கணக்கு முடிக்கும் வாரம் எப்போதும் ஓய்வு வாரம். அந்த வாரத்தில் நீச்சல் ஒன்று, இலகுவான சைக்கிள் ஒன்று, அவ்வளவுதான். உடலுக்கு அலுவலகச் சுமை, பயிற்சிச் சுமை என்ற பாகுபாடு தெரியாது. தூக்கம் குறைந்த, மன அழுத்தம் கூடிய வாரத்தில் கடும்பயிற்சி செய்தால் களைப்புதான் சேரும், அதற்கேற்ற பலன் சேராது.

மற்ற ஒவ்வொரு வாரத்துக்கும் மூன்று பயிற்சிகளை மட்டும் கட்டாயம் என்று வைத்தோம்: ஒரு நீண்ட சைக்கிள், கடுமையும் இலகுவும் மாறி மாறி வரும் ஒரு கடுமையான இடைவெளிப் பயிற்சி, ஒரு நீச்சல். இடைவெளிப் பயிற்சியை, ஓட அனுமதி கிடைக்கும் வரை வீட்டிலேயே டிரெய்னர் என்ற நிலைத்தாங்கியில் பொருத்திய சைக்கிளில் செய்வது, பின்னர் ஓட்டமாக மாற்றுவது என்று திட்டம். மற்றவை நேரம் இருந்தால் செய்யலாம். தவறிய பயிற்சியை அடுத்த நாளுக்குத் தள்ளக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஏற்றுக்கொள்வதுதான் அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. எண்ணிக்கையைக் குறைத்தால் திறன் போய்விடாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 1980களில் ராபர்ட் ஹிக்சனும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களிடம், கடுமையை அப்படியே வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சியை நான்காகவும் இரண்டாகவும் குறைத்தபோது, 15 வாரங்களுக்குப் பிறகும் உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்புத் திறன் பெரும்பாலும் நிலைத்திருந்தது. கடுமையைக் குறைத்தபோதுதான் அது சரிந்தது. அதே ஆய்வு வரிசையில், பயிற்சியின் கால அளவை மூன்றில் இரண்டு பங்கு வெட்டியவர்களின் நீடித்த தாக்குப்பிடிப்பு குறைந்ததையும் அவரிடம் சொன்னேன். நீண்ட சைக்கிளைக் கட்டாயப் பட்டியலில் வைத்ததற்கும், பந்தயத் தூரத்தைக் குறைத்ததற்கும் அதுவே காரணம்.

நீச்சலை மூன்று 45 நிமிடங்களிலிருந்து இரண்டு 60 நிமிடங்களாக்கினோம். அதில் ஒன்றைப் புதன்கிழமை மதியம், அலுவலகத்துக்கு அருகிலிருந்த குளத்துக்கு மாற்றினோம். அன்று அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்புவதாக மேலாளரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கினார். அதுவரை அலுவலகத்தில் யாரிடமும் அவர் பந்தயத்தைப் பற்றிப் பேசியதில்லை. தண்ணீரில் இருந்த நேரம் 15 நிமிடம்தான் குறைந்தது. வீடு கொடுத்த நேரமோ 345 நிமிடத்திலிருந்து 160ஆக இறங்கியது. இத்தனை சிறிய மாற்றத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீட்டுக்குத் திரும்பியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தூக்கத்துக்கும் உணவுக்கும் எல்லைகள் வரையப்பட்டன. காலை ஐந்துக்கு முன்பும் இரவு எட்டரைக்குப் பின்பும் பயிற்சி இல்லை. ஏதாவது சாப்பிடாமல் காலைப் பயிற்சிக்குக் கிளம்புவதில்லை. முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுமையான உணவு. இரும்புச் சத்து மருந்தும் அளவும் மருத்துவர் பொறுப்பு. உணவுத் திட்டத்தை உணவியல் நிபுணர் ஒருவர் வகுத்தார்.

கணவரின் நேரம் தனியாகப் பேசப்பட்டது. இரவு ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும் காலைகளில் நீண்ட சைக்கிள் கிடையாது. ஷிப்ட் அட்டவணை வந்த அன்று மாலையே மூன்று நாட்காட்டிகளும் ஒரே தாளில் எழுதப்பட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டப்படும். வாரத்துக்கு இரண்டு மாலைகள் அவருடைய படிப்புக்கு. அவை முதலில் எழுதப்பட்டு, மீதியில் பயிற்சி எழுதப்படும். இந்த வரிசையை வற்புறுத்தியவர் மனைவிதான்.

அடுத்த 26 வாரங்கள்

ஏழாம் வாரத்தில், வலி முற்றிலும் நீங்கியதை மருத்துவர் உறுதிசெய்த பின், ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஓட்டம் மீண்டும் தொடங்கியது. தொடர்ந்து அரை மணி நேரம் ஓட மேலும் ஐந்து வாரம் பிடித்தது. இதற்குள் சராசரித் தூக்கம் 6 மணி 50 நிமிடத்துக்கு ஏறியிருந்தது. ஓய்வு நாடித்துடிப்பு 53க்கு இறங்கியது. மாதவிடாய் மூன்றாம் மாதத்தில் ஒழுங்குக்கு வந்தது. பயிற்சி நேரம் பெரும்பாலான வாரங்களில் ஏழு, எட்டு மணி. வீட்டுக் கணக்கில் பத்து, பதினொன்று.

எல்லாம் சீராகப் போகவில்லை. பதினான்காம் வாரத்தில் கணவரின் பிரிவில் இருவர் விடுப்பில் போனதால் அவருக்கு அடுத்தடுத்து இரவு ஷிப்ட் விழுந்தது. அதே வாரம் மகனுக்குக் காய்ச்சல். இரண்டு வாரங்களில் இரண்டே பயிற்சிகள்தான் நடந்தன. பழைய வழக்கப்படி மூன்றாம் வாரத்தில் எல்லாவற்றையும் ஈடுகட்டப் பார்த்திருப்பார். இம்முறை என்னைத் தொலைபேசியில் அழைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டுமா, அட்டவணை இப்போது காட்டும் இடத்திலிருந்தா என்று கேட்டார். அட்டவணைக்கு ஒரு வாரம் பின்னால் தொடங்கச் சொன்னேன். திறனில் பெரிய இழப்பு எதையும் அடுத்த இடைவெளிப் பயிற்சி காட்டவில்லை.

நீண்ட சைக்கிள் விஷயத்தில் மட்டும் உரசல் நீங்கவில்லை. மூன்று மணி நேரம் என்றாலும், கணவருக்கு வார இறுதி விடுப்பு கிடைக்கும் அரிய சனிக்கிழமைகளில் அது வந்து விழுந்தால் வீடு மௌனமாகிவிடும். மாதத்தில் அப்படி ஒரு சனிக்கிழமையைப் பயிற்சியின்றி விடுவதென்று பின்னர் முடிவுசெய்தார்கள். அது பாதித் தீர்வுதான் என்று இருவருமே சொல்கிறார்கள்.

பந்தயமும் அதன் பின்னும்

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில், கடுமையைக் குறைக்காமல் அளவை மட்டும் பாதியாகக் குறைத்தோம். கணக்கு முடிக்கும் வாரம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே கடந்திருந்தது. பந்தய நாளில் நீச்சலும் சைக்கிளும் திட்டப்படி நடந்தன. ஓட்டத்தில் 14ஆம் கிலோமீட்டருக்குப் பின், முன்பே பேசிவைத்தபடி, ஒவ்வொரு நீர் நிலையத்திலும் நடந்தார். மொத்தம் 6 மணி 48 நிமிடம். முந்தைய அரைத்தூர நேரத்தைவிட 27 நிமிடம் அதிகம். அது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஓட்டப் பயிற்சி குறைந்ததால் வந்த இழப்பு அது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. காலில் வலி இல்லை. பந்தயத்துக்கு அடுத்த நாள் விடுப்பு எடுத்து, அதற்கடுத்த நாள் வேலைக்குப் போனார்.

கணவர் சிறப்புப் படிப்பில் சேர்ந்துவிட்டார். வேலையில் கணக்கு முடிக்கும் வாரங்கள் அமைதியாகக் கடந்தன. மகள் வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாளா என்று நான் விசாரித்தேன். இப்போது சுவரிலிருக்கும் தாளைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள்.

அடுத்த முறை மாற்றப்படுபவை

நீண்டதூரப் பந்தயத்துக்காக வருபவர்களோடு முதல் சந்திப்பிலேயே, வீட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்பவரும் இருக்க வேண்டும் என்று இப்போது கேட்கிறேன். அவர் சம்மதிக்கிறாரா என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. இந்த ஆண்டு அவர் எதைச் செய்ய நினைத்திருந்தார், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். தயாராகத் தொடங்கும் நிமிடத்திலிருந்து கணக்கெடுக்கும் அந்த இரண்டு வாரப் பதிவு, பயிற்சித் திட்டம் எழுதும் முன்பே நடக்கிறது. பதிவைப் பயிற்சி செய்பவர் எழுதுவதில்லை, வீட்டில் இருப்பவர்தான் எழுதுகிறார்.

பெண்களிடம் மாதவிடாய் பற்றியும், எல்லோரிடமும் சாப்பாட்டு வேளைகள் பற்றியும் கேட்பது தொடக்கப் படிவத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்விகள் மறுபடியும் வரும். உணவியல் நிபுணரை இந்த நிகழ்வில், அவர் என்னிடம் வந்த நான்காம் வாரத்தில்தான் பார்க்க முடிந்தது. எலும்புப் பாதிப்போ மாதவிடாய் மாற்றமோ இருந்தால் முதல் வாரத்திலேயே அனுப்ப ஏற்பாடு இருக்கிறது.

இதிலிருந்து எல்லோருக்குமான விதி எதையும் எடுத்துவிட முடியாது. இவருடைய வேலைச் சுமை எப்போது ஏறும் என்பது முன்பே தெரிந்தது. மேலாளர் இணங்கினார். வீட்டில் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளக் கணவர் இருந்தார். தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவருக்கும், எந்த நேரமும் அழைப்பு வரக்கூடிய வேலையில் இருப்பவருக்கும் இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வாரத்தில் மூன்று கட்டாயப் பயிற்சிகளே அதிகமாக இருக்கலாம். 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் கொண்ட ஸ்பிரின்ட் தூரத்தை, வாரத்துக்கு நான்கு ஐந்து மணி நேரப் பயிற்சியோடு, நல்லபடியாக முடிக்க முடியும். அதை ஒரு படி கீழே இறங்குவதாக நினைக்கத் தேவையில்லை.

முழுத்தூர ஆசையை அவர் விட்டுவிடவில்லை. கணவரின் படிப்புக்கான இறுதித் தேர்வு முடிந்த பிறகே அதைப் பற்றிப் பேசுவது என்று இருவரும் தேதி குறித்திருக்கிறார்கள். அதுவரை அவருக்கான திட்டம் வாரத்துக்கு ஆறு மணி நேரம், அதில் ஓட்டம் மூன்று முறை. எலும்பின் நிலையைப் பார்க்க மருத்துவர் இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்.